கீழவைப்பார்: குளியாளிகள் அறிந்த கடலடி

தூத்துக்குடியை விட்டு வடக்கே ராமநாதபுரம் நோக்கிப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முதலில் துணைக்கு வருபவை உப்பளங்கள். தருவைகுளம், வேப்பலோடை என்று ஊர்கள் கடந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் போனால் கீழவைப்பாருக்குத் திரும்பலாம். மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து சாத்தூர் வழியாக வரும் வைப்பாறு கடலைத் தொடும் முகத்துக்குப் பக்கத்து ஊர். ஆண்டின் பெரும்பகுதி ஆற்றில் மணல்தான் ஓடும். தண்ணீர் வந்தால் ஊர் கூடி நின்று பார்க்கும். கரையில் ஃபைபர் படகுகளும், நண்டு வலையைச் சிக்கெடுக்கும் பெண்களும், கருவாட்டு வாடையும். சுற்றுலாப் பயணிக்கென்று எதுவும் கிடையாது. முகமூடியும் காற்றுச் சிலிண்டரும் வாடகைக்குத் தரும் கடை ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

ஆனாலும் கடலடியைப் பார்க்கக் கிளம்பும் தமிழர் யாரும் முதலில் வந்து நிற்கவேண்டிய கரை இதுதான் என்று நினைக்கிறேன்.

ஸ்கூபா பழகியவர்கள் இரண்டைத் தேடிப் போகிறார்கள்: மூழ்கிய கப்பல், அதைச் சுற்றி வாழும் உயிர்கள். செங்கடலில் 1941இல் ஜெர்மன் குண்டுக்கு மூழ்கிய திஸில்கார்ம், பசிபிக்கின் ட்ரக் காயலில் 1944இல் அமெரிக்க விமானங்கள் மூழ்கடித்த ஜப்பானியக் கப்பல்கள் என்று உலகப் பட்டியல் நீள்கிறது. நம்மவர்கள் அந்தமானுக்கும் மாலத்தீவுக்கும் போய் வருகிறார்கள். போகட்டும், நல்ல கடல்கள்தான். ஆனால் மூச்சை அடக்கிக் கடலுக்குள் இறங்குவதையே பிழைப்பாக வைத்திருந்த மனிதர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளாக வாழும் கரை நம்மிடம் இருக்கிறது. தூத்துக்குடிக்கு ரயிலேறுகிறவர்களில் எத்தனை பேருக்கு அது நினைவில் இருக்கிறது?

கீழவைப்பாரில் மதியத்துக்குப் பிறகு சங்குப் படகுகள் கரை பிடிக்கும். நான் பார்த்த படகில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். கண்கள் சிவந்து, உதடு வெளிறி, தோளில் உப்புப் பூத்திருந்தது. சாக்கிலிருந்து கொட்டிய சங்குகளைப் பார்த்தால் பூஜை அறைச் சங்கு என்று யாரும் சொல்லமாட்டார்கள். பழுப்பு நிறத்தில் தடித்த தோல் போர்த்தி, அதன்மேல் பாசியும் சேறும் ஒட்டியிருக்கும். வாயை அடைத்தபடி கொம்பு நிறத்தில் ஒரு மூடி. உள்ளே சதை இன்னும் அசைந்துகொண்டிருந்தது. அந்தத் தோலைச் சுரண்டி எடுத்த பிறகுதான் நமக்குத் தெரிந்த வெள்ளை வரும். வியாபாரி கையில் வைத்து உருட்டி, பருமன் பார்த்து, பெரியதும் சிறியதுமாகப் பிரித்தார். விலை பருமனுக்குத்தான்.

சங்கு அரசின் தனியுரிமையாக இருந்த காலத்தில் இந்த அளவைப் பார்க்க வட்டத் துளை போட்ட பலகை ஒன்று உண்டு. 57 மில்லிமீட்டருக்குக் குறைந்த சங்கு அந்தத் துளையில் நுழைந்து விழுந்துவிடும். விழுந்ததைத் திரும்பக் கடலில் விடவேண்டும். தேறியவை தூத்துக்குடி கிட்டங்கிக்குப் போய், அங்கிருந்து வங்காளத்துக்குப் போயின. வங்கத்துப் பெண்கள் கல்யாணத்தில் அணியும் வெள்ளை வளையலின் தொடக்கம் இந்த மன்னார் வளைகுடாவின் மணல்தான். 1914இல் ஜேம்ஸ் ஹார்னல் இந்தத் தொழிலைப் பற்றி ஒரு தனி நூலே எழுதினார். கொற்கையில் 1960களின் இறுதியில் அகழ்ந்தபோதும் அறுத்த சங்குகள் கிடைத்தன.

படகின் விளிம்பில் சாய்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்த மூத்த குளியாளியிடம் சங்கை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் அண்ணாச்சி என்று கேட்டேன். "சங்கத் தேடுனா கெடைக்காது தம்பி. அது மண்ணுக்குள்ள பொதஞ்சு கெடக்கும். ஊந்து போன தடத்தப் பாக்கணும். தண்ணி தெளிவா இருக்கணும், நீவாடு கம்மியா இருக்கணும். ரெண்டும் இல்லன்னா எறங்கிப் பிரயோசனமில்ல" என்றார். எந்த ஸ்கூபா பள்ளியிலும் முதல் நாள் சொல்லித்தருவதும் ஏறக்குறைய இதையேதான்: கலங்கல் பார், நீரோட்டம் பார், பிறகு இறங்கு.

முத்தும் இதே கைகளால்தான் வந்தது. பெரிப்ளஸ் என்னும் கிரேக்கக் கடல்வழி நூல் கொற்கை முத்துக்குளிப்பைக் குறிப்பிடுகிறது. தண்டனை பெற்ற கைதிகளை அதில் இறக்கியதாகவும் சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, சுறாக்களை மந்திரத்தால் கட்டிவைப்பவர்களைப் பற்றியும், அதற்காக அவர்கள் பெற்ற பங்கைப் பற்றியும் சொல்கிறார். பிற்காலத்தில் 'கடல்கட்டி' என்று அழைக்கப்பட்டவர்கள் இவர்கள்தான். போர்த்துக்கீசியர் 1530களில் வந்தார்கள், 1658இல் டச்சுக்காரர், பிறகு ஆங்கிலேயர். கொடிகள் மாறின. இடுப்பில் கயிறும் காலடியில் கல்லுமாக இறங்கியவர்கள் மட்டும் மாறவில்லை. கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு 1955 முதல் 1961 வரை நடந்தது. அதன் பிறகு பார்களில் சிப்பி அந்த அளவுக்குத் திரும்பவே இல்லை.

பார் என்பது மணல்வெளிக்கு நடுவே கடலடியில் கிடக்கும் கல்தரை. தூத்துக்குடிக்கு வெளியே, கரையிலிருந்து பல மைல் தள்ளி, பத்து முதல் இருபத்தைந்து மீட்டர் ஆழத்தில் இவை பரவியிருக்கின்றன. தொளாயிரம் பார், பாசிப் பார் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. மேலே நின்று பார்த்தால் எல்லாம் ஒரே நீலம். அந்த நீலத்துக்கு அடியில் இன்ன இடத்தில் இன்ன கல் என்று பெயர் வைத்து, பேரன்வரை கொண்டுவந்து சேர்த்தவர்களின் அறிவை நாம் இன்னும் சரியாக மதிப்பிடவில்லை. 1960களில் தூத்துக்குடியிலிருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் எஸ். மகாதேவனும் கே. நாகப்பன் நாயரும் சுவாசக் கருவி கட்டிக்கொண்டு இந்தப் பார்களில் இறங்கி, கண்டதைக் கட்டுரைகளாக எழுதினார்கள். இந்தியாவில் விஞ்ஞானிகளே நேரில் மூழ்கிக் கடலடியை விவரித்த முன்னோடி வேலை அது. குஸ்தோவும் காக்னானும் அந்தக் கருவியை 1943இல் உருவாக்கி இருபது ஆண்டு சொச்சம்தான் ஆகியிருந்தது.

இன்று குளியாளிகள் பலர் வெறும் மூச்சில் இறங்குவதில்லை. படகில் கம்ப்ரஸர் ஓடும். அதிலிருந்து நீளும் குழாயை வாயில் கவ்விக்கொண்டு கீழே மணிக்கணக்கில் இருப்பார்கள். இதன் ஆபத்தைச் சொல்லாமல் கடக்க என்னால் முடியாது. பத்து மீட்டர் ஆழத்தில் உடம்பின் மேல் அழுத்தம் கரையில் இருப்பதைவிட இரண்டு மடங்கு, இருபது மீட்டரில் மூன்று மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றின் நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. மெதுவாக மேலேறினால் அது மூச்சோடு வெளியேறிவிடும். விரைந்து ஏறினால் உடம்புக்குள்ளேயே குமிழியாகிறது. மூட்டு வலியில் தொடங்கி, இடுப்புக்குக் கீழ் உணர்வற்றுப் போவதுவரை அது கொண்டுபோகும். வார இறுதியில் மூழ்கப் போகும் பயணியின் கையில் ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் கருவி இருக்கிறது. தினமும் மூழ்கும் தொழிலாளியிடம் இல்லை. அவருக்கு அந்தக் கருவியும் முறையான பயிற்சியும் பக்கத்திலேயே அழுத்த அறை சிகிச்சையும் கிடைக்கச் செய்வது, இந்தக் கரையில் கடல் சுற்றுலா பற்றிப் பேசும் எவருக்கும் முதல் வேலையாக இருக்கவேண்டும்.

அடுத்த நாள் விடியலில் நண்டு வலை எடுக்கப் போன படகில் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். கச்சான் காற்று அடங்கி, கடல் எண்ணெய் வழிந்ததுபோல் கிடந்தது. கரைக்கும் தீவுகளுக்கும் நடுவே ஆழம் குறைவு. முகமூடியைப் போட்டுக்கொண்டு படகோரமாக இறங்கினால் எங்கும் பச்சை: தாழை என்று இங்கே சொல்லும் கடற்புல். ஓரா மீன் கூட்டம் ஒன்று புல்லை மேய்ந்தபடி என்னைக் கவனிக்காமல் கடந்தது. நகரை மீன்கள் தாடியால் மணலைக் கிளறிக்கொண்டிருந்தன. ஆவுலியா என்னும் கடல்பசு இந்தப் புல்லைத் தின்றுதான் வாழ்கிறது. அதைப் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அருகில் நீந்திய இளைஞர் என் தோளைத் தட்டி மணலில் ஒன்றைக் காட்டினார். ஆட்டுக்கிடாயின் கொம்பு மாதிரி முறுக்கிய, ஒரு முழத்துக்குக் குறைந்த வெளிர்மஞ்சள் உருவம். அடிநுனி மணலில் ஊன்றியிருக்க, வரிசை வரிசையாக அறைகள். ஒவ்வொரு அறைக்குள்ளும் சங்குக் குஞ்சுகள். சங்குப்பூ என்பது இதன் பெயர். ஒரு சங்கு மொத்தக் குடும்பத்தையும் இப்படி ஒரே கொம்பில் அடுக்கிவைத்துவிட்டுப் போகிறது. இழுவைமடி ஒருமுறை இந்தத் தரையை அரைத்துப் போனால் எத்தனை கொம்பு மிஞ்சும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

தீவுக்குள் நாங்கள் போகவில்லை, போகவும் கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. 1989இல் உயிர்க்கோளக் காப்பகமும் வந்தது. தூத்துக்குடிக் கூட்டத்தில் வான், காசுவார், விலங்குசல்லி, காரைச்சல்லி என்று நான்கு தீவுகள். வடக்கே வேம்பார்க் கூட்டம். இவற்றில் விலங்குசல்லி இப்போது தண்ணீருக்கு மேலே இல்லை. சுண்ணாம்புக்காகவும் கார்பைடு தொழிலுக்காகவும் பல பத்தாண்டுகள் பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள். 2004 சுனாமிக்குப் பிறகுதான் அது நின்றது. அலையைத் தாங்கிய கல் போனதும் அலை தீவையே தின்றது. 1986இல் சுமார் 16 ஹெக்டேர் இருந்த வான் தீவு, முப்பது ஆண்டில் இரண்டு ஹெக்டேருக்கும் கீழே போனது. கீழவைப்பார்ப் பக்கத்துக் காரைச்சல்லி 1969இல் 20 ஹெக்டேருக்குச் சற்றுக் கூடுதல். இன்று அதில் சிறு பகுதிதான் மிச்சம்.

எனவே இந்தக் கடலில் மூழ்கியவற்றின் பட்டியலில் முதலில் எழுதவேண்டியது கப்பலை அல்ல, ஒரு தீவை. மூழ்கிக்கொண்டிருப்பதும் ஒன்று உண்டு.

வான் தீவைக் காப்பாற்ற எடுத்த வழி என்னைக் கவர்ந்தது. தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனமும் சென்னை ஐஐடியும் சேர்ந்து, துளைகள் விட்ட சரிவக வடிவக் கான்கிரீட் கூடுகளை வடிவமைத்து, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவற்றைத் தீவின் முன்னால் கடலடியில் அடுக்கின. அலையின் வேகம் குறைந்து மணல் திரும்பச் சேர்ந்தது. கூடுகளின் துளைகளில் மீன்கள் குடியேறின, மேலே பவளம் ஒட்டத் தொடங்கியது. காரைச்சல்லிக்கும் அந்த வேலை தொடங்கியிருக்கிறது. 2016இல் கடல் சூடேறிப் பவளங்கள் பெருமளவு வெளுத்து இறந்த வளைகுடா இது. ஒட்டிக்கொள்ள ஒரு கெட்டியான தரை கிடைத்தால் உயிர் திரும்ப முயலும் என்பதை அந்தக் கூடுகள் காட்டுகின்றன.

மூழ்கிய கப்பல் செய்வதும் இதே வேலைதான். பரந்த மணலில் பவளப் புழு ஒட்ட இடமில்லை, களவா மீன் ஒளியப் பொந்தில்லை. அங்கே ஓர் இரும்புச் சுவர் விழுந்தால் சில மாதங்களில் பாசி, பிறகு கடற்பஞ்சு, சிப்பி, மென்பவளம். அதைத் தின்ன வரும் சிறுமீன், சிறுமீனைத் தின்ன வரும் பாறை மீன், சீலா மீன். இதைக் கண்ணாரக் காணத் தமிழ் பேசும் கரையிலேயே ஓர் இடம் உண்டு. வளைகுடாவுக்கு அந்தப் பக்கம், இலங்கையின் கிழக்கில், மட்டக்களப்பு மாவட்டத்துக் கல்குடா.

1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கிவிட்டுத் தெற்கே கப்பல்களைத் தேடின. அன்று மூழ்கியவற்றில் பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பலும் ஒன்று. அது கல்குடாவுக்கு வெளியே 24 மீட்டர் ஆழத்தில் இரண்டாக முறிந்து கிடக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் அங்கே இறங்கியிருக்கிறேன். முதல் பத்து மீட்டருக்கு நீலத்தைத் தவிர ஒன்றும் இல்லை. பிறகு கீழே ஒரு இருட்டு, இருட்டுக்கு விளிம்பு, விளிம்பில் அசையும் மீன்கள். தகட்டின் ஓட்டை ஒன்றில் விளக்கைக் காட்டியபோது, ஆளின் உடம்பளவு களவா ஒன்று உள்ளே நின்று வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. செப்பிலி மீன் கூட்டம் இரும்புச் சட்டங்களுக்கு நடுவே நகராமல் மிதந்தது. என்னோடு இறங்கிய உள்ளூர் இளைஞர் எந்த இடத்தில் தகடு கூர்மை, எந்தப் பொந்தில் கல்மீன் என்று முன்கூட்டியே கைகாட்டிக்கொண்டு வந்தார்.

அதே நாளில் மட்டக்களப்புக்கு வெளியே மூழ்கியது ஹெர்மிஸ். விமானந்தாங்கியாகவே வடிவமைத்துக் கட்டத் தொடங்கிய முதல் கப்பல் அது. அதோடு 307 பேர் இறந்தார்கள். ஐம்பது மீட்டருக்கும் அதிக ஆழத்தில் கிடப்பதால் சாதாரணப் பயிற்சி பெற்றவர்கள் இறங்கக் கூடாது. அதற்கென்று தனிப் பயிற்சியும் தனி வாயுக் கலவையும் வேண்டும். அது ஒரு கல்லறையும்கூட. அங்கிருந்து ஒரு திருகாணியைக்கூட எடுத்துவரும் உரிமை யாருக்கும் இல்லை.

இங்கே நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். உலகின் பெயர்பெற்ற பழங்கப்பல்கள் பலவற்றை முதலில் கண்டது பேராசிரியர்கள் அல்ல. 1900இல் கிரேக்கத்தின் ஆன்டிகிதெரா கப்பலைக் கண்டவர்கள் கடற்பஞ்சு எடுக்க மூழ்கியவர்கள். துருக்கியின் உலுபுருன் கப்பல், வெண்கலக் காலத்துச் செம்புப் பாளங்களோடு, 1982இல் ஒரு கடற்பஞ்சுக் குளியாளியின் கண்ணில்தான் பட்டது. இலங்கையின் தெற்கே கோடவாயவில் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான கப்பலை, இந்தியப் பெருங்கடலில் இதுவரை தெரிந்தவற்றில் மிகப் பழையதை, கண்டவர்கள் அந்த ஊர் மீனவக் குளியாளிகள். பூம்புகாருக்கு வெளியே 19 மீட்டர் ஆழத்தில் 1791, 1792 என்று ஆண்டு பொறித்த ஈயப் பாளங்களோடு கப்பல் ஒன்று கிடைத்ததற்கும் மீனவர்கள் தந்த தகவல்தான் வழிகாட்டியது.

மன்னார் வளைகுடாவையும் இந்தக் கண்ணோடு பார்க்கவேண்டும். கொற்கை, பழையகாயல், காயல்பட்டினம், எதிர்க்கரையில் மாந்தை என்று துறைமுகங்கள் நெருங்கிய கடல் இது. ஆதாம் பாலம் குறுக்கே கிடப்பதால் பெரிய மரக்கலங்கள் சுற்றிப் போகவோ சரக்கை மாற்றவோ வேண்டியிருந்த கடல். தூத்துக்குடித் தோணிகள் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் ஓடின, புயலில் சில திரும்பவில்லை. தமிழகத் தொல்லியல் துறை கொற்கைக்கு வெளியே கடலாய்வு செய்யப்போவதாக அறிவித்தது. அப்படிப்பட்ட ஆய்வு எதுவும் ஒலியலைக் கருவியோடு மட்டும் கிளம்பக் கூடாது என்பது என் ஆசை. எந்த இடத்தில் வலை எப்போதும் கிழிகிறது, எந்த மணலில் இருக்கக்கூடாத கல் இருக்கிறது, எங்கே ஒருமுறை சங்கோடு சேர்ந்து பானை ஓடு கையில் வந்தது என்பதெல்லாம் திரேஸ்புரத்திலும் கீழவைப்பாரிலும் சிப்பிகுளத்திலும் வேம்பாரிலும் இருக்கும் மனிதர்களின் தலைக்குள் இருக்கிறது. தேவாலயக் கோபுரத்தையும் ஒரு பனையையும் நேர்கோட்டில் வைத்து இடத்தைப் பிடிக்கத் தெரிந்தவர்கள் வயதாகி வருகிறார்கள். இளையவர்கள் ஜிபிஎஸ்ஸில் குறிக்கிறார்கள். அந்த எண்ணை வெளியே சொன்னால் மீன்பிடி இடம் பறிபோகுமோ என்ற அவர்களின் தயக்கம் நியாயமானது. அதற்குப் பதில் சொல்லாமல் தகவலை மட்டும் கேட்பது முறையல்ல.

திருவனந்தபுரம் கரையில் இது நடந்துகொண்டிருக்கிறது. மீனவர் குடும்பத்தில் பிறந்த ராபர்ட் பனிப்பிள்ளையும் அவருடைய கூட்டாளிகளும், மூத்த மீனவர்கள் சொல்லும் அடையாளத்தை வைத்தே பார்களைத் தேடி, ஸ்கூபா கட்டி இறங்கி, படமெடுத்துப் பதிகிறார்கள். அஞ்சுதெங்குக்கு வெளியே மூழ்கிய கப்பல் ஒன்றையும் அப்படித்தான் பார்த்தார்கள். தூத்துக்குடியிலும் அதற்கு வேண்டிய ஆட்கள் இருக்கிறார்கள்.

வர விரும்புகிறவர்களுக்கு: சென்னையிலிருந்து முத்துநகர் எக்ஸ்பிரஸ் இரவில் கிளம்பி விடிந்ததும் தூத்துக்குடியில் விடும். வாகைக்குளத்தில் விமான நிலையமும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர்வரை கச்சான் காற்றில் கடல் கலங்கும். அக்டோபர் கடைசியிலிருந்து மே வரைதான் தெளிவு, அதிலும் மழை நின்ற தை, மாசியில் வந்தால் நல்லது. தீவுப் பகுதியில் மூழ்க ராமநாதபுரத்தில் உள்ள வனஉயிரினக் காப்பாளரின் அனுமதி இல்லாமல் எண்ணவே வேண்டாம். 18 மீட்டர்வரை இறங்கும் அடிப்படைப் பயிற்சியைப் புதுச்சேரியிலோ சென்னையிலோ சில நாட்களில் முடித்துக்கொள்ளலாம். அதை முடித்தவருக்குக் கல்குடாக் கப்பலுக்குக் கூடுதலாகச் சில மீட்டர் இறங்கும் பயிற்சியும் ஏப்ரல் முதல் செப்டம்பர்வரையான கிழக்குக் கரைப் பருவமும் போதும். இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் பருவம் மாறி மாறி வருவது பயணிக்குச் சௌகரியம். இங்கே கடல் கலங்கும்போது அங்கே தெளியும்.

கீழவைப்பாரில் ஸ்கூபா கிடைக்காது. கரையில் உட்கார்ந்து குளியாளிகளோடு ஒரு பகல் பேசக் கிடைக்கும். படகு கேட்டால் நண்டு வலைக்காரர்கள் கூட்டிப்போவார்கள். ஒரு நாள் தொழிலை விட்டு வருகிறார்கள் என்பதை நினைத்து, பேரம் பேசாமல் கொடுங்கள். சங்கு வாங்குவதென்றால் கையில் உருட்டிப் பார்த்து, பெரியதாக வாங்குங்கள். சின்னச் சங்கை யார் நீட்டினாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.